நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வேணும், சார்!

பெர்லின் போய்வந்த கதையை எழுதுங்கள் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போய்வந்தது ஏப்ரலில். செர்ரிப் பூக்கள், ஸ்ப்ரே நதியில் படகுச் சவாரி, பிராண்டன்பர்க் வாசல் முன்னால் ஐந்து கிழவர்களும் வரிசையாக நின்ற படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. அதையே இங்கேயும் எழுதி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. இன்று எழுதப் போவது ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி. கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன்.

அந்த வாக்கியத்தை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். குப்பை வண்டி வராத நாளில், ரயில் நான்கு மணி நேரம் தாமதமாகும் நாளில், க்யூவில் ஒருவன் குறுக்கே புகுந்த நாளில், யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டுச் சொல்வார்: "இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வேணும், சார்!" சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. புத்தகக் கண்காட்சியில் தன்னம்பிக்கை நூல்களுக்குப் பக்கத்திலேயே 'எனது போராட்டம்' தமிழில் அடுக்கியிருப்பதைப் பார்த்து நாம் அதிர்ச்சி அடைகிறோமா என்ன?

நாங்கள் ஐந்து பேர். நால்வர் ஒரே வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ஐந்தாமவர் தலைமையாசிரியராக இருந்தவர். காலையில் ஒன்றாக நடக்கிறவர்கள். எங்களில் மூத்தவருக்கு 72 வயது. அவரை இங்கே 'தலைவர்' என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய மகன் பெர்லினில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். "வாங்கப்பா, எல்லாருமா வந்து பத்து நாள் இருங்க, ஏப்ரல்ல குளிர் குறைஞ்சிருக்கும்" என்று அவன் கூப்பிட்டதால்தான் இந்தப் பயணமே.

முதல் நாள் பிராண்டன்பர்க் வாசலைப் பார்த்து முடித்ததும் தலைவர் மகனிடம் கேட்ட முதல் கேள்வி: "ஹிட்லர் இருந்த இடம் எங்கேடா?"

பையன் தயங்கித் தயங்கித்தான் கூட்டிக்கொண்டு போனான். வழியில் 2,711 கான்கிரீட் கட்டைகள் நிற்கும் பெரிய மைதானம். கொல்லப்பட்ட யூதர்களுக்காக 2005-இல் திறந்த நினைவிடம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், 1945 ஏப்ரல் 30 அன்று ஹிட்லர் தற்கொலை செய்துகொண்ட பதுங்குகுழி இருந்த இடம். இப்போது அது கார் நிறுத்துமிடம். நாலு வீட்டுக்காரர்களின் கார்களும் ஒரு தகவல் பலகையும்தான் இருக்கின்றன. அந்தப் பலகையையே 2006-இல்தான் வைத்தார்களாம். பக்கத்துத் தெருவுக்கு கெர்ட்ரூட் கோல்மார் பெயர். அவர் ஒரு யூதக் கவிஞர். 1943-இல் பெர்லினிலிருந்து ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். கொன்றவன் செத்த இடத்தில் பார்க்கிங், கொல்லப்பட்டவர் பெயரில் தெரு.

தலைவருக்கு ஏமாற்றம். "ஒரு சிலைகூட வெக்கலையே! என்ன இருந்தாலும் நாட்டைத் தூக்கி நிறுத்தினவன். ரோடு போட்டான், ரயிலை நேரத்துக்கு ஓடவிட்டான், நம்ம நேதாஜிக்கு உதவினான். இன்னிக்கும் இவங்க சிக்னல்ல நிக்கிறாங்கன்னா அவன் கொடுத்த டிசிப்ளின்தான். நமக்கும் அப்படி ஒருத்தன்..."

வாக்கியம் முடிவதற்குள் பையன் அவர் கையைப் பிடித்து அழுத்தினான். "அப்பா, மெதுவா. இங்க அந்தப் பேருக்கே எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க."

ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போகிறேன். இதே வாக்கியத்தை நானும் சொன்னவன்தான். கிளை மேலாளராக இருந்தபோது, வாராக்கடன் கூட்டங்களில், வேலைநிறுத்த நாட்களில், ஒரு பிரிவுபசார விழாவில் மைக்கைப் பிடித்துக்கூடச் சொல்லியிருக்கிறேன். கைதட்டினார்கள். ஆகவே இது தலைவருக்கு மட்டும் சொல்லும் பதில் அல்ல.

முதலில் ரோடு. ஆட்டோபான் என்னும் விரைவுச் சாலை ஹிட்லரின் மூளையில் உதித்தது என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். கொலோனுக்கும் பானுக்கும் இடையில் அப்படி ஒரு சாலை 1932-இலேயே திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் அப்போது கொலோன் மேயராக இருந்த அடினாவர், போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதமர் ஆனவர். பெர்லினிலேயே ஆவுஸ் என்ற கார்ச் சாலை 1921-இல் வந்துவிட்டது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933-இல். அடுத்தவர் தொடங்கிய திட்டத்துக்கு ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்வது நமக்குப் புதிதா?

அடுத்தது ரயில். நான்காம் நாள் கிரூனவால்ட் ஸ்டேஷனுக்குப் போனோம். பங்களாக்களும் மரங்களும் நிறைந்த அழகான பகுதி. அங்கே 17-ஆம் நடைமேடை என்று ஒன்று உண்டு. இப்போது அங்கிருந்து எந்த ரயிலும் கிளம்புவதில்லை, தண்டவாளத்தின் நடுவே மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. மேடை விளிம்பில் 186 எஃகுத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு தேதி, அன்று ஏற்றப்பட்ட யூதர்களின் எண்ணிக்கை, போன ஊர். 1941 அக்டோபர் 18-இல் தொடங்குகிறது. பெர்லினிலிருந்து மட்டும் 50,000-க்கும் மேற்பட்டவர்களை இப்படி அனுப்பினார்கள். போர் தோற்றுக்கொண்டிருந்த 1945-இலும் தேதிகள் வருகின்றன. ராணுவத்துக்கே வண்டி பற்றாத நாட்களில் இந்த வண்டிகள் நிற்கவில்லை. ஆமாம் தலைவரே, ரயில் ஓடத்தான் செய்தது.

மூன்றாவது நேதாஜி. இதைச் சொன்னால் நம்மவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று ஒரு நம்பிக்கை. நேதாஜி மேல் எனக்குள்ள மரியாதை யாருக்கும் குறைந்ததல்ல. அவர் 1941 ஏப்ரலில் பெர்லின் வந்தார். ஹிட்லரைச் சந்திக்க ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1942 மே மாதக் கடைசியில்தான் சந்திப்பு நடந்தது. இந்திய விடுதலையை ஆதரித்து ஓர் அறிவிப்பு வேண்டும் என்று கேட்டார், கிடைக்கவில்லை. 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பல் ஏறிக் கிழக்கே போய்விட்டார். நம் விடுதலையைப் பற்றி ஹிட்லரின் எண்ணம் என்ன? 1937-இல் தன்னைப் பார்க்க வந்த ஹாலிஃபாக்ஸ் பிரபுவிடம் அவர் சொன்ன யோசனை, காந்தியைச் சுட்டுவிடுங்கள் என்பது. ஹாலிஃபாக்ஸ் யார்? இர்வின் என்ற பெயரில் நம் நாட்டில் வைஸ்ராயாக இருந்து, 1931-இல் காந்தியோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர். அந்த ஆங்கிலேயருக்கே அந்தப் பேச்சு ருசிக்கவில்லை. நமக்கு மட்டும் ஹிட்லர் நண்பராம்!

நான்காவது, நாட்டைத் தூக்கி நிறுத்தியது. பெர்லினின் பெரிய கடைத்தெருவில் மொட்டைக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம் நிற்கிறது. 1943 நவம்பரில் குண்டு விழுந்து இடிந்தது, அந்த இடிபாட்டை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். 1939-இல் 43 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் இது. இன்றுவரை அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. தூக்கி நிறுத்திய லட்சணம் இது. ஆட்சிக்கு வந்து பன்னிரண்டு வருஷத்தில் தலைநகரமே கல்லும் மண்ணுமாகக் கிடந்தது.

இதெல்லாம் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதில்கள். பெர்லின் போகாமலே எழுதியிருக்கலாம். என்னை உண்மையில் உலுக்கியவை வேறு.

தலைவரின் மகன் வீடு இருப்பது பவேரியக் குடியிருப்பு என்ற பகுதியில். ஒரு காலத்தில் வசதியான யூதக் குடும்பங்கள், டாக்டர்கள், வக்கீல்கள், பேராசிரியர்கள் வாழ்ந்த இடம். அங்கே விளக்குக் கம்பங்களில் 80 பலகைகள் மாட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சின்னப் பிள்ளைப் புத்தகத்தில் வருவதுபோல ஒரு படம், ரொட்டி, பூனை, பெஞ்சு என்று. மறுபக்கம் நாஜி அரசு போட்ட ஓர் உத்தரவும் அதன் தேதியும். பால் வாங்கப் போகும்போது பையன் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வான். யூதர்கள் மாலை நாலு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் மட்டுமே உணவுப்பொருள் வாங்கலாம் (1940). பூங்காவில் மஞ்சள் அடையாளம் போட்ட பெஞ்சுகளில் மட்டுமே உட்காரலாம். வீட்டில் பிராணி வளர்க்கக் கூடாது (1942).

நாங்கள் வங்கிக்காரர்கள். வாழ்நாளெல்லாம் சர்க்குலர் படித்தவர்கள். அந்தப் பலகைகளைப் பார்த்தபோது எங்கள் நால்வருக்கும் ஒன்று உடனே புரிந்தது. இவை சர்க்குலர்கள்! யாரோ ஒருவர் வரைவு எழுதி, ஒருவர் திருத்தி, ஒருவர் கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு அனுப்பியவை. 1933 ஏப்ரலில், ஆட்சிக்கு வந்த மூன்றே மாதத்தில், யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கச் சட்டம் வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அரசுப் பணியைச் சீர்படுத்தும் சட்டம் என்ற அர்த்தத்தில் இருந்தது. கெடுதல் இப்படித்தான் வந்தது, நல்ல பெயர் வைத்துக்கொண்டு, கோப்பு எண்ணோடு.

அதே தெரு நடைபாதையில், வீட்டு வாசல்களில், பத்து சென்டிமீட்டர் அளவில் பித்தளைக் கற்கள் பதித்திருக்கின்றன. ஜெர்மன் மொழியில் 'தடுக்கி விழவைக்கும் கல்' என்று பெயர். அந்த வீட்டில் வாழ்ந்து கொண்டுபோகப்பட்டவரின் பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன தேதி. நாங்கள் தங்கிய கட்டிடத்துக்கு அடுத்த வாசலில் இருந்த கல்லுக்கு உரியவர் 1870-இல் பிறந்தவர். 1942-இல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுபத்திரண்டு வயது. தலைவர் வயது.

தெரேசியன்ஸ்டாட் முகாமைப் பற்றி அன்றிரவு பையன் சொன்னதை ஓய்வூதியம் வாங்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வயதான யூதர்களிடம் அதை முதியோர் இல்லம் என்று சொன்னார்கள். கடைசிவரை சாப்பாடு, தங்கும் இடம், வைத்தியம் உண்டு என்று ஒப்பந்தப் பத்திரம் போட்டார்கள். அதற்கு ஈடாகச் சேமிப்பு, காப்பீடு, பத்திரங்கள் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கிழவர்களும் கிழவிகளும் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறினார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பசியிலும் நோயிலும் செத்தார்கள், மிஞ்சியவர்களில் பலரைக் கொலை முகாம்களுக்கு அனுப்பினார்கள். வைப்புநிதி ரசீது எத்தனை முதியவர்கள் கையில் கொடுத்திருப்போம் நாம்? ரசீதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்களே, அந்த நம்பிக்கையைத்தான் அங்கே பயன்படுத்திக்கொண்டார்கள்.

தலைவர் அன்று ஒன்றும் பேசவில்லை.

கடைசியாக, டியர்கார்டன் தெரு 4. பெர்லினின் புகழ்பெற்ற இசை அரங்கத்துக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு நீலக் கண்ணாடிச் சுவர் நிற்கிறது. 2014-இல் வைத்தார்கள். அங்கே இருந்த மாளிகையில்தான் ஓர் அலுவலகம் நடந்தது. உடல் ஊனமுற்றவர்களையும், மூளை வளர்ச்சி குன்றியவர்களையும், மனநோயாளிகளையும் கொல்வதற்கான அலுவலகம். தெரு முகவரியையே சுருக்கி டி4 என்று திட்டத்துக்குப் பெயர். 1940 ஜனவரியிலிருந்து 1941 ஆகஸ்ட் வரை மட்டும் 70,000-க்கும் மேற்பட்டவர்களை விஷ வாயுவில் கொன்றார்கள். பிறகும் நிற்கவில்லை, ஆஸ்பத்திரிகளிலேயே பட்டினி போட்டும் மருந்து கொடுத்தும் தொடர்ந்தார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலானோர் வேற்று இனத்தார் அல்லர். அவர்கள் பெருமை பேசிய அதே ஜெர்மன் இனத்துப் பிள்ளைகள்.

முறை என்ன தெரியுமா? ஒரு படிவம். என்ன நோய், எத்தனை வருஷமாக, வேலை செய்ய முடியுமா, முடியும் என்றால் என்ன வேலை? ஆஸ்பத்திரிகள் நிரப்பி பெர்லினுக்கு அனுப்பின. டாக்டர்கள் நோயாளியைப் பார்க்காமலே காகிதத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். சிவப்பில் கூட்டல் குறி போட்டால் சாவு, நீலத்தில் கழித்தல் குறி போட்டால் உயிர். வீட்டுக்கு ஓர் அனுதாபக் கடிதம் போகும், நிமோனியாவில் இறந்தார் என்று பொய்க் காரணத்தோடு.

நண்பர்களே, எனக்கு ஒரு தங்கை இருந்தாள். இந்தப் பக்கத்தில் அவளைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. பிறவியிலேயே மூளை வளர்ச்சி இல்லாதவள். தெளிவாகச் சொன்ன ஒரே வார்த்தை "ண்ணா". நாற்பத்து நாலு வயதுவரை எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மா ஊட்டினாள், அம்மாவுக்குப் பிறகு என் மனைவி ஊட்டினாள். அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, துணி மடிப்பது. நான் ஆபீஸ் விட்டு வந்ததும் துண்டை மடித்துக் கொண்டுவந்து நீட்டுவாள். கோணலாகத்தான் இருக்கும்.

அந்த நீலக் கண்ணாடி முன்னால் நின்று அவளுக்கான படிவத்தை மனத்துக்குள் நான் நிரப்பினேன். என்ன நோய்: பிறவிக் குறை. எத்தனை வருஷமாக: பிறந்ததிலிருந்து. என்ன வேலை தெரியும்: துணி மடிப்பாள். எந்த மையில் என்ன குறி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

பிரிவுபசார விழாவில் மைக்கைப் பிடித்து "ஒரு ஹிட்லர் வேணும்" என்று நான் சொன்ன அன்று அவள் உயிரோடு இருந்தாள். கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். துண்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

"சார், நாங்க கொலையையா சொல்றோம்? ஒழுங்கைத்தானே சொல்றோம்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒழுங்கு தனி இலாகா, கொலை தனி இலாகா என்று அங்கே இருக்கவில்லை. படிவம், சர்க்குலர், கால அட்டவணை, ஒப்பந்தம் எல்லாம் அந்த ஒழுங்குதான். கேள்வி கேட்காத குமாஸ்தாக்கள் இல்லாமல் 186 தகடுகளுக்கான வண்டிகள் கிளம்பியிருக்காது. எதிர்த்துக் கேட்க எதிர்க்கட்சியும் பத்திரிகையும் நீதிமன்றமும் இல்லாமல் செய்ததால்தான் அவரால் அத்தனை வேகமாக ஆட்சி நடத்த முடிந்தது. நம்மவர்கள் ஆசைப்படுவதும் அந்த வேகத்துக்குத்தானே?

'ஹிட்லர் வேண்டும்' என்கிறவர் எவரும் தன் பெயர் பட்டியலில் இருக்கும் என்று நினைப்பதில்லை. க்யூவில் முந்துகிறவன், லஞ்சம் வாங்குகிறவன், வேற்று ஜாதிக்காரன், வேற்று மதத்துக்காரன் இவர்கள்தான் பட்டியலில். நாம் எப்போதும் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் பக்கம். பட்டியல் எழுதும் பேனா நம்மைக் கேட்டுக்கொண்டா எழுதும்?

இன்றைய பெர்லினின் ஒழுங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெட்ரோ ஸ்டேஷன்களில் தடுப்புக் கதவே கிடையாது, டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். இது ஹிட்லர் கொடுத்ததல்ல, அவர் போன பிறகு, மனித கண்ணியத்தை முதல் பிரிவாக வைத்து 1949-இல் எழுதிய அரசியல் சட்டத்தின் கீழ் வளர்ந்தது. எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது என்றும் எண்ண வேண்டாம். பக்கத்து ஊருக்குப் போன அன்று எங்கள் ரயில் ஐம்பது நிமிடம் தாமதம். சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஒருவர் திட்டினார். ஹிட்லர் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் போர்ன்ஹோல்மர் தெருவில் செர்ரிப் பூப் பார்த்தோம். பெர்லின் சுவர் நின்ற இடம். ஜெர்மனி ஒன்றானபோது ஜப்பானிய டி.வி. நேயர்கள் பணம் திரட்டிக் கொடுத்த 9,000-க்கும் மேற்பட்ட மரங்களில் சில அவை. 1989 நவம்பர் 9 இரவு அங்கேதான் முதலில் வாசல் திறந்தது. மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு இல்லை, எதிரே ஆயிரக்கணக்கான ஜனம். பொறுப்பிலிருந்த ஹரால்ட் யேகர் என்ற அதிகாரி திறந்துவிடச் சொன்னார். உத்தரவுக்குக் காத்திருந்து அவர் சுட்டிருந்தால் அதற்குப் பெயரும் டிசிப்ளின்தான்.

பூ உதிர்ந்துகொண்டிருந்தது. தலைவர் மரத்தடியில் நின்று, "உன் தங்கச்சியை எனக்கு ஞாபகம் இருக்குய்யா. உங்க வீட்டுக்கு வந்தப்போ எனக்கும் ஒரு துண்டு கொடுத்தா" என்றார். அவ்வளவுதான். மனம் மாறிவிட்டார் என்று நான் எழுதமாட்டேன், அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஊர் திரும்பிய வாரம், பூங்கா பெஞ்சில் வழக்கமான பேச்சு. தெருவிளக்கு எரியவில்லை, கவுன்சிலர் எட்டிப் பார்க்கவில்லை. புதிதாக வந்து சேர்ந்த ஒருவர் அந்த வாக்கியத்தை எடுத்தார். நான் குறுக்கிட்டு, "சார், உங்க வீட்டுல எத்தனை பேர்? யார் யாருக்கு என்ன உடம்பு?" என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எழுபத்தெட்டு வயது அம்மா, படுத்த படுக்கை என்றார். உட்காருங்கள் சார், ஒரு படிவத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். தலைவர் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.